ஆடி மாதத்து வைக்கிங் அடுப்பு

புதன், சில்கெபோர்க்

டென்மார்க்குக்கு வந்ததே சாப்பாட்டுக்காகத்தான். வெண்ணெய் பிஸ்கட்டுக்கோ கோபன்ஹேகன் நட்சத்திர உணவகங்களுக்கோ அல்ல. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சாப்பாட்டுக்கு. ஜூலை மாதக் கடைசி வார இறுதியில், ஓர்ஹூஸ் நகருக்குத் தெற்கே மோஸ்கோர் கடற்கரையில் வைக்கிங் சந்தை கூடும்; ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்து கடலோடிய வைக்கிங் மக்களைப் போல உடுத்தி, வாழ்ந்து காட்டுகிற சந்தை. 1977-இல் ஆரம்பித்த வழக்கம். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து லினன் அங்கியும் கூடாரமுமாக ஆட்கள் வந்து இறங்கி, கடை விரித்து, கோடரி சுற்றி, அடுப்பு மூட்டுவார்கள். ஊரே சண்டையைப் பார்க்க வரும். எனக்கு அடுப்பைப் பார்க்க வேண்டும். செருப்புத் தையலுக்குக்கூட எந்த அகழாய்வில் கிடைத்தது என்று ஆதாரம் கேட்கிற ஆட்கள் இவர்கள். சட்டிக்குள் போவதற்கும் அப்படிக் கேட்பார்களா என்பதுதான் என் கேள்வி.

முகாம் ஆரம்பிப்பதற்குள் சில்கெபோர்க் அருங்காட்சியகத்தை முடித்துவிடலாம் என்று ரயில் ஏறினேன். ஓர்ஹூஸிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. டோலுன்ட் மனிதன் இருப்பது இங்கேதான். 1950 மே மாதம், எரிபொருளுக்காகச் சதுப்பு நிலத்தில் பீட் என்கிற மட்கிய மண்ணை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கண்ட உடல். முகம் அவ்வளவு புதிதாக இருந்ததால், ஏதோ சமீபத்துக் கொலை என்று போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆள் செத்தது கி.மு. 405-க்கும் 380-க்கும் நடுவில். கழுத்தில் தோல் கயிறு இன்னும் இருக்கிறது. கன்னத்தில் வளர்ந்திருந்த தாடி முள் தெரிகிறது. தலை மட்டும்தான் அசல், உடம்பு பிற்பாடு செய்து சேர்த்தது என்று படித்த பிறகும் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

நான் தேடி வந்தது அவருடைய வயிற்றை. கடைசிச் சாப்பாடு அப்படியே குடலில் இருந்தது. 2021-இல் அதை மறுபடி ஆராய்ந்து வெளியிட்டார்கள்: 85 சதவீதம் பார்லி, 9 சதவீதம் பெர்சிகேரியா என்ற களையின் விதை, 5 சதவீதம் ஆளி விதை, மிச்சத்தில் வேறு பல செடிகளின் விதைகள் கொஞ்சம் கொஞ்சம். கூடவே மீன். மண் சட்டியில் கிளறிய கஞ்சி, அதுவும் அடியில் கொஞ்சம் தீய்ந்திருக்கிறது. சாப்பிட்டு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆளைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

இந்தக் கஞ்சியை ஆராய்ச்சிக்காகச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் ஒருவரை நமக்கும் தெரியும். 1954-இல் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், முதல் ஆய்வில் கண்ட பட்டியலை வைத்துக் கஞ்சி காய்ச்சி இரண்டு தொல்லியல் அறிஞர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் கிளின் டேனியல். மற்றவர் மார்ட்டிமர் வீலர், 1945-இல் புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே வீலர். அரிக்கமேட்டு மண்ணிலிருந்து ரோமானியத் திராட்சை மது வந்த ஜாடிகளை எடுத்துக் காட்டியவருக்கு இந்தக் கஞ்சி பிடிக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க இதையே தின்னச் சொல்லியிருந்தால் அதுவே போதுமான தண்டனை என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். ஆனால் வீலர் சாப்பிட்ட கிண்ணத்தில் மீன் இல்லை. ஐம்பதுகளின் ஆய்வில் அது பிடிபடவில்லை. மீன் சேர்ந்திருந்தால் அவருடைய தீர்ப்பு மாறியிருக்குமா என்று ஒரு மீன் தின்னி என்ற முறையில் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்றும் அங்கே கண்ணில் பட்டது. அந்த வயிற்றில் பச்சைக் கீரை இல்லை, கோடைப் பழம் இல்லை. அதனால் அவர் செத்தது குளிர்காலத்திலோ வசந்தத்தின் ஆரம்பத்திலோ இருக்கும் என்று பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். டோலுன்ட் மனிதனுக்கும் வைக்கிங்குகளுக்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல் இடைவெளி உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. இருந்தாலும் ஒரு கஞ்சியைப் பார்த்து மாதத்தைச் சொல்ல முடிகிறது என்பது மனதில் தங்கிவிட்டது.

வியாழன், மோஸ்கோர்

மோஸ்கோர் அருங்காட்சியகத்தின் 2014-இல் திறந்த கட்டடம் மலைச்சரிவு போலச் சாய்ந்த புல் கூரை கொண்டது. ஜனங்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள். உள்ளே கிரௌபல்ல மனிதன், 1952-இல் கிடைத்த இன்னொரு சதுப்பு நில உடல். இவருடைய வயிற்றில் 60-க்கும் மேற்பட்ட செடிகளின் விதைகள். கதிரடித்த பிறகு களத்தில் மிஞ்சுகிற களை விதை, பதர், எல்லாவற்றையும் சேர்த்துக் காய்ச்சியிருக்கிறார்கள். பட்டியலை முழுக்கப் படித்தேன். பசிக்கிற மாதிரியே இல்லை.

பீச் மரக் காடு வழியே கடற்கரைக்கு நடந்தேன். புல்வெளியில் கூடாரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இந்த நேரத்தில் மட்டும்தான் நிஜம் தெரியும்: கார் டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் கூடைகள், கூல் பாக்ஸ், சூப்பர் மார்க்கெட் பை. நாளை மறுநாள் காலை இதெல்லாம் மரப் பெட்டிக்குள்ளும் ஆட்டுத் தோலுக்கு அடியிலும் மறைந்துவிடும்.

வெள்ளி, மழை

நாள் முழுக்க மழை. எந்த அடுப்பும் ஒழுங்காக எரியவில்லை. முகாமில் பாதிப் பேர் காருக்குள் உட்கார்ந்து பீட்சா தின்றார்கள். ஊர் பேர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சனி, முகாம்

என்னைச் சேர்த்துக்கொண்ட கூடாரத்தின் சமையல் பொறுப்பு ஓர்ஹூஸில் கணக்காளராக வேலை பார்க்கும் ஒரு அம்மாளுடையது. என் நண்பனோடு ஒரே அலுவலகம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு ஒரு லினன் அங்கி இரவல் கொடுத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "சரி, நீங்கள் அடுப்பில் விழுந்தால் எனக்குத்தான் வேலை" என்று அனுமதித்தார்.

காலையில் பீச் விறகில் நெருப்பு. முக்காலியில் இரும்புச் சங்கிலி, அதில் தொங்கும் கொப்பரை. இந்த முக்காலிக்கு ஆதாரம் நார்வேயின் ஓசெபெர்க் கப்பல் புதையல்: கி.பி. 834-இல் இரண்டு பெண்களை ஒரு கப்பலோடு புதைத்தபோது கூடவே வைத்த சமையல் சாமான்கள், 1904-இல் தோண்டியெடுத்தது. கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறச் சட்டி. தொட்டுப் பார்த்தேன், மாக்கல். நம் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல். நார்வே மலைகளில் குடைந்து எடுத்து வைக்கிங் காலத்தில் டென்மார்க் வரை விற்றிருக்கிறார்கள். சூடேற நேரமாகும், ஏறிவிட்டால் இறங்காது. அந்த அம்மாள் அதில் பால் காய்ச்சுவதற்கு இது போதும் என்று நெருப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார். அடி பிடிக்கவில்லை.

பத்து மணிக்குச் சந்தை திறந்ததும் வாசனைகள் கிளம்பின. முக்கியமான வாசனை சுழல் கம்பியில் வாட்டிய முழுப் பன்றி. கூட்டம் அங்கே மொய்த்தது. அந்த அம்மாளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "கொழுப்பெல்லாம் நெருப்பில் சொட்டுகிறது, பாருங்கள். கொழுப்பை நெருப்புக்குக் கொடுக்கிற அளவுக்கு யாரிடம் இருந்தது?" வேகவைத்தால் கொழுப்பு தண்ணீரில் நிற்கும், அந்தத் தண்ணீரில் நாளைக்குக் கஞ்சி காய்ச்சலாம் என்பது அவர் வாதம். 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து ஏடுகளில் வல்ஹல்லா என்கிற வீர சொர்க்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறதே, அங்கேகூட தினமும் கொன்றாலும் சாயங்காலம் உயிர்த்து எழும் பன்றியைக் கொப்பரையில் வேகத்தான் வைக்கிறார்கள், வாட்டுவதில்லை. சொர்க்கத்திலேயே வேகவைத்த கறிதான்.

பன்றிக்கு அடுத்த நீளமான வரிசை குழந்தைகளுடையது. குச்சியில் மாவைச் சுற்றித் தணலில் சுடும் ரொட்டி, டேனிஷ்காரர்கள் ஸ்னோபிரொ என்கிறார்கள். எந்த வைக்கிங் விழாவுக்குப் போனாலும் இது இருக்கும். வெள்ளைக் கோதுமை மாவு, ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை. வைக்கிங் காலத்தில் இப்படிச் சுட்டதற்கு ஆதாரம் கிடையாது; சாரணர் முகாம்களில் வளர்ந்த பழக்கம். ஆனால் இதை நிறுத்தச் சொன்னால் கலவரம் வரும். நானும் ஒன்று வாங்கினேன். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு, நன்றாகவே இருந்தது.

சரி, ஆதாரம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். வைக்கிங் சமையல் புத்தகம் என்று ஒன்று கிடையாது. இந்தப் பக்கத்தில் கிடைக்கிற மிகப் பழைய சமையல் குறிப்புகள் கி.பி. 1300-ஐ ஒட்டிய டேனிஷ் கையெழுத்துப் படிகளில் இருக்கின்றன. அதில் பாதாம் பாலும் குங்குமப்பூவும் மிளகும் வருகின்றன; அரண்மனைச் சமையல், தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆகவே முகாம் சமையல்காரர்களுக்கு மிச்சம் இருப்பது எலும்பு, கருகிய தானியம், சட்டியில் ஒட்டிய பிசுக்கு, அப்புறம் மலம். கடைசியதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், ஆனால் உண்மை: இங்கிலாந்தின் யார்க் நகரில் 1972-இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த வைக்கிங் காலத்து மலம் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் நீளம். ஆள் கறியும் ரொட்டியும் சாப்பிட்டிருக்கிறார், குடலில் புழு நிறைய.

இந்த ஆதாரங்களை வைத்து "இருக்கலாம்", "கூடாது" என்று ஒரு பட்டியல் எல்லார் மனதிலும் ஓடுகிறது. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், பூசணி, குடைமிளகாய் கூடாது, அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆரஞ்சு நிறக் கேரட் கூடாது, அது பல நூற்றாண்டு பிந்தியது. வெள்ளையோ ஊதாவோ என்றால் சரி. சர்க்கரை கூடாது, தேன் சரி. பீன்ஸ் என்றால் பெரிய தட்டையான பழைய ஐரோப்பிய வகை மட்டும். குழிமுயல் டென்மார்க்குக்குப் பிற்பாடு வந்தது. காபி கூடாது, ஆனால் விடிகாலையில் எந்தக் கூடாரத்தின் பின்பக்கம் போனாலும் மரக் குவளையில் காபிதான். அதை யாரும் பார்ப்பதில்லை என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

எதிர்க் கூடாரத்தில் ஒரு போலந்துக் குழு. பெரிய கொப்பரை, நிறைய மாட்டுக் கறி, வெங்காயம், லீக், வெள்ளைக் கேரட், பார்லி. ஒரு பொருளைக்கூடக் குறை சொல்ல முடியாது. கிண்ணங்கள் கடைந்த மரம், கரண்டி கொம்பில் செய்தது. அவர்களுடைய சமையல்காரர் பெருமையோடு எங்களுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார். நான் வழித்துச் சாப்பிட்டேன். அந்த அம்மாளும் சாப்பிட்டார், நன்றி சொன்னார். கிண்ணம் கொண்டுவந்தவர் போன பிறகு என்னிடம் திரும்பி, "எல்லாம் சரி. மாதம்தான் தப்பு" என்றார்.

இந்த வரி பிடிபட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மாட்டை அறுப்பது இலையுதிர் காலத்தில். குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாத மாடுகளை அப்போது அறுத்து, உலர்த்தி, புகையில் போட்டு வைப்பார்கள். ஜூலையில் மாடு புல் மேய்ந்து பால் கறக்கிறது. அதை யார் அறுப்பார்கள்? போன வருடத் தானியம் குதிருக்கு அடியில் கிடக்கிறது, புது அறுவடை ஆகஸ்டில்தான். உலர்ந்த கறி எப்போதோ தீர்ந்திருக்கும். வெயிலும் பச்சையுமாக ஊரே செழிப்பாகத் தெரிகிற இந்த ஜூலை, மாவுப் பானையைப் பொறுத்தவரை வருடத்தின் வறண்ட முனை. நாங்கள் உட்கார்ந்திருந்ததும் ஆடி மாதத்தில். விதைக்கிற சமயம், அறுப்புக்கு இன்னும் நாள் கிடக்கிறது, கையில் இருப்பதைக் கரைத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற மாதம். பொருளாதாரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று சொன்னேன். கூழ் எதில் காய்ச்சுவீர்கள் என்று கேட்டார். கேழ்வரகு, கம்பு என்றேன். புளிக்க வைப்பீர்களா என்றார். ஆமாம் என்றதும் அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது.

அவர் சமைத்த மதியச் சாப்பாடு இது. கல்சட்டியில் சூடான பாலோடு புளித்த மோரை ஊற்ற, பால் திரிந்து கட்டியானது. துணியில் வடித்துப் பச்சைப் பாலாடைக் கட்டி. வடிந்த தண்ணீரையும் கொட்டவில்லை, குடிக்க வைத்துக்கொண்டார். வடக்கே பதுவா என்று சமைக்கிறார்களே, அந்தக் கீரை கூடாரத்துக்குப் பின்னாலேயே முளைத்திருந்தது. டேனிஷ் அகழாய்வுகளில் இதன் விதை அடிக்கடி அகப்படுகிறது. ஒரு பிடி பறித்து வெண்ணெயில் வதக்கினார். செந்தட்டி வேண்டாம் என்றார், இந்த மாதத்தில் முற்றிப்போய் நாராக இருக்குமாம். தோலோடு பச்சைப் பட்டாணி. காலையில் படகுக்காரரிடம் வாங்கிய தட்டை மீன், சொருகு குச்சியில் தணலுக்குச் சாய்த்து வாட்டியது. உப்பு ஒரு கிள்ளு மட்டும். கஞ்சி அரைக் கிண்ணம், அதற்கு மேல் தரமாட்டேன் என்றார், பானையில் மாவு இருந்தும்.

வேடிக்கை என்னவென்றால், சந்தைக்கு வந்த ஜனம் எங்கள் அடுப்பைப் பார்த்து நிற்கவே இல்லை. கொப்பரையும் கறியும் இருக்கிற இடத்தில்தான் படம் எடுத்தார்கள். கீரையும் பாலும் யாருக்கும் வைக்கிங்காகத் தெரியவில்லை.

ஞாயிறு, முகாம்

நேற்று எழுதியதைப் படித்து நண்பன் போன் செய்தான்: "அப்போ போலந்துக்காரன் பொய் சொல்றானா?" இல்லை. ஊரையே கூட்டி விருந்து வைத்தால் கோடையிலும் ஒரு மாடு விழும். அது மறுக்க முடியாதது. ஆனால் எல்லாக் கூடாரத்திலும் எல்லா நாளும் விருந்து என்றால், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தினசரிச் சாப்பாட்டை யாரும் காட்டவில்லை என்று அர்த்தம். கத்திக்கும் துணிக்கும் ஆதாரம் கேட்கும்போது "எங்கே கிடைத்தது, எந்த நூற்றாண்டு" என்று கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கு "எந்த மாதம்" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

இன்று கருவாடு. சந்தையில் ஒரு நார்வேக்காரர் விறகுக் கட்டை போலக் காய்ந்த காட் மீன் தொங்கவிட்டிருந்தார். உப்பே போடாமல், லோஃபோட்டன் தீவுகளின் குளிர் காற்றில் மட்டும் காய்ந்தது. தூத்துக்குடிப் பக்கத்து ஆளுக்கு உப்பில்லாத கருவாடு என்றால் நம்பிக்கை வராது; முகர்ந்து பார்த்தேன், நாற்றம் மிகக் குறைவு. இதற்கு ஆதாரம் பலமானது. இன்றைய ஜெர்மனியின் வட எல்லையில் இருந்த ஹெடெபி என்ற வைக்கிங் துறைமுகத்தில் கிடைத்த காட் எலும்புகளின் மரபணுவைப் பார்த்து, அவை வடதுருவப் பக்கத்து மீன்கள் என்று 2017-இல் கண்டுபிடித்தார்கள். அதாவது கி.பி. 800-க்கும் 1066-க்கும் இடைப்பட்ட காலத்திலேயே லோஃபோட்டன் பக்கத்து மீன் இவ்வளவு தெற்கே வந்திருக்கிறது. கருவாடு கெடாது என்பதால் இதை மட்டும் எந்த மாதத்திலும் தின்னலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவர் கோடரியின் பின்பக்கத்தால் அடித்து நார் நாராகப் பிரித்து, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். நல்ல கருவாடு. கொஞ்சம் மிளகாய் வற்றல் இருந்தால் என்று நாக்கு கேட்டது.

அதை வாய்விட்டுச் சொன்னதும் அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். "உங்கள் ஊரில் ஆயிரம் வருடத்துக்கு முன் மிளகாய் இருந்ததா?" இல்லைதான். போர்த்துகீசியர் வந்த பிறகு வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்தது 1010-இல், வைக்கிங்குகள் இங்கிலாந்தைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்த அதே காலம். அந்தக் கோயில் கல்வெட்டுகளில் படையலுக்கு மிளகு, சீரகம், கடுகு, புளி, நெய், தயிர் எல்லாம் வருகிறது. மிளகாய் வராது, தக்காளி வராது, உருளை வராது. சோழர் முகாம் ஒன்று போட்டு அடுப்பு மூட்டினால் சாம்பாரில் பாதி போய்விடும் என்றேன். "மிளகு உங்களிடமிருந்துதானே எங்களுக்கு வந்தது" என்று அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார்: 735-இல் இங்கிலாந்தில் பீட் என்ற துறவி சாகும் தறுவாயில் தன் பெட்டியிலிருந்த கொஞ்சூண்டு மிளகை எடுத்து மற்றவர்களுக்குப் பங்கு வைத்தாராம். அவ்வளவு விலை. அதனால் இந்த முகாமில் மிளகு போட வேண்டும் என்றால் ஆள் பெரிய இடத்து ஆளாக வேஷம் போட்டிருக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் வெயில் ஏற, பால் பாத்திரத்தைச் சுற்றி ஈ. இங்கேதான் எல்லார் நேர்மையும் தளர்கிறது. ஆட்டுத் தோலை விலக்கி அந்த அம்மாள் கூல் பாக்ஸைத் திறந்தார், கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. "அவர்கள் வயிறு வேறு, என் வயிறு வேறு. திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது." பொதுஜனத்துக்கு விற்கிற கடைகள் என்றால் சட்டமே உண்டு. டென்மார்க்கில் உணவு விற்கும் இடங்களில் ஆய்வாளர் அறிக்கையை ஸ்மைலி முகத்தோடு வாசலில் ஒட்ட வேண்டும், 2001-இலிருந்து இந்த ஏற்பாடு. மரப் பலகையில் ரூன் எழுத்தில் விலை எழுதியிருந்த ஒரு கடையின் ஓரத்தில் சிரித்த முகம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். முகாமிலேயே மிக நேர்மையான அறிவிப்பு அதுதான் என்பேன்.

செவ்வாய், ரீபே

டென்மார்க்கின் மிகப் பழைய நகரம். கி.பி. 700-ஐ ஒட்டி ஆற்றங்கரைச் சந்தையாக ஆரம்பித்தது. ஊருக்கு வெளியே வைக்கிங் மையம் ஒன்று, 710-ஆம் வருடத்துச் சந்தையையும் பின்னாளைய நீண்ட வீட்டையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே கூட்டம் குறைவு, அதனால் அடுப்புப் பக்கத்தில் உட்கார விட்டார்கள்.

நீண்ட வீட்டுக்குள் நெருப்பு தரையின் நடுவில். புகைபோக்கி கிடையாது, புகை கூரை வரை ஏறி, தோன்றினால் வெளியேறுகிறது. நின்றால் கண் எரியும், உட்கார்ந்தால் எரியாது. அரை மணி நேரத்தில் எல்லாரும் ஏன் தாழ்வான பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அங்கே வேலை பார்க்கும் ஓர் இளைஞர் திருகை சுற்றக் கொடுத்தார். கல் கருப்பாக, பொத்தல் பொத்தலாக இருந்தது: ஜெர்மனியின் ஐஃபெல் மலைப் பக்கத்து எரிமலைக் கல். இந்தக் கல்லைப் படகில் ஏற்றி ரீபே வரை கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். அகழாய்வில் துண்டுகள் நிறைய. பொத்தல் இருப்பதால் தேய்ந்தாலும் விளிம்பு கூராகவே இருக்கும், அதுதான் மவுசு. நடுக் குழியில் ஒரு பிடி பார்லி, மரப் பிடியைப் பிடித்துச் சுற்று. மாவு ஓரத்தில் கசிந்து வந்தது, தவிடும் குருணையுமாக. நால்வர் சாப்பிடும் அளவுக்கு மாவு சேர்வதற்குள் என் தோள் போயிற்று. மாவைக் கையில் தேய்த்தால் நறநற என்றது. கொஞ்சம் கல்லும் சேர்ந்தே வரும் என்றார் அந்த இளைஞர், அந்தக் காலத்துப் பற்கள் தேய்ந்திருப்பதற்கு இதுவும் காரணம்.

மாவில் மோர் ஊற்றிப் பிசைந்தார். பார்லியில் கோதுமை போல இழுவை வராது. உருட்டினால் ஓரம் வெடிக்கும். அதனால் உள்ளங்கையில் வைத்துத் தட்டி, வெடிப்பை ஈர விரலால் அழுத்தி ஒட்டி, நீண்ட பிடி வைத்த இரும்புத் தட்டில் போட்டார். இந்த மாதிரித் தட்டுகள் நார்வே கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. சுவீடனின் பிர்காவில் கல்லறைக்குள் கருகிய ரொட்டித் துண்டுகளே கிடைத்தன, சின்னதும் தட்டையுமாக. இதைச் சூடாகத் தின்றால் ஒருவகை, ஆறினால் ஓடு. ஆறின ரொட்டியை அவர் என் தட்டில் போட்டு, பாலில் நனைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஜூலையில் பார்லி மாவு இவ்வளவு தாராளமாக இருக்குமா என்று கேட்டேன். அந்த அம்மாளிடம் தொற்றிய வியாதி. அவர் யோசித்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுக்க வேண்டியிருக்கிறதே என்றார்.

வியாழன், லைரா

கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் ரோஸ்கில்டைத் தாண்டி லைரா. 1964-இல் ஹான்ஸ்-ஓலெ ஹான்சென் ஆரம்பித்த பரிசோதனைத் தொல்லியல் இடம். வீட்டைக் கட்டி, குடியிருந்து, எரித்துப் பார்த்து, எரிந்தது எப்படி மண்ணில் படிகிறது என்று தோண்டியும் பார்த்தவர்கள். 2020-இல் திறந்த அரசர் மண்டபம் 60 மீட்டர் நீளம். உள்ளே நின்றால் விருந்து வைக்கத்தான் தோன்றும். இப்படி ஒரு கூடத்தில் கீரையும் மோரும் பரிமாற முடியாது. மாட்டுக் கறிக்கு நியாயமான இடம் இதுதான் என்று போலந்துக்காரருக்காக ஒத்துக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது இரும்புக் காலத்துக் கிராமம். கோடையில் சாதாரணக் குடும்பங்கள் இங்கே ஒரு வாரம் வந்து குடியிருக்கலாம், உடை கொடுத்துவிடுவார்கள். ஒரு குடிசை வாசலில் ஒரு அம்மா கொப்பரை தேய்த்துக்கொண்டிருந்தார், மணலும் புல்லும் வைத்து. இரண்டு பிள்ளைகள். முதல் நாள் கறி, தேன், ஹேசல் கொட்டை என்று கொண்டாட்டமாக இருந்ததாம். அப்புறம் விறகு பொறுக்குவது, தண்ணீர் தூக்குவது, மாவு அரைப்பது என்று ஆனதும் கஞ்சியே போதும் என்று எல்லாரும் ஒரு மனதாக முடிவு செய்துவிட்டார்கள். சமைக்கச் சுலபம், கிண்டிவிட்டால் போதும். மூத்த பையன் களத்துப் பக்கம் பட்டாணி திருடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் அவன் ஜூலை மாதத்துச் சாப்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டான்.

வெளியே வரும்போது வழிகாட்டிப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். இங்கே சீசன் முக்கியமாக மே முதல் அக்டோபர் வரை. ரீபேயிலும் கிட்டத்தட்ட அதே. மோஸ்கோர் ஜூலைக் கடைசி. யோசித்துப் பார்த்தால் பால் வற்றிய, கீரை முளைக்காத, களை விதையையும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுகிற பிப்ரவரியையும் மார்ச்சையும் யாரும் வாழ்ந்து காட்டுவதே இல்லை. பசியைக் காட்ட வேண்டுமானால் அந்த மாதங்களில்தானே காட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"மார்ச்சில் தாராளமாக வாருங்கள்" என்றாள். "கதவு பூட்டியிருக்கும். நாங்கள் எல்லாரும் வீட்டில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்போம்."